எல்லையில் கேட்கப்படும் கணக்கு

மாணவர்களே, கடல் கடந்து வரும் பண்டங்களுக்குச் சுங்கம் பெறும் வழக்கம் மிகப் பழையது. பண்டத்தின் எடையையும் விலையையும் பார்த்தே அக்காலத்தில் வரி விதித்தனர். அதனைச் செய்தபோது உலையிலிருந்து எவ்வளவு கரியமில வாயு வெளிப்பட்டது என்று எந்தச் சுங்கச் சாவடியிலும் எவரும் வினவியதில்லை. இன்று ஐரோப்பிய ஒன்றியம் அதனை வினவுகிறது.

அதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவிலுள்ள பெரிய ஆலைகள், தாம் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு ஈடாக உரிமச் சீட்டுகள் காட்ட வேண்டும் என்னும் முறை 2005ஆம் ஆண்டு தொடங்கியது. அச்சீட்டுகளுக்கு விலை உண்டு. இச்செலவு உள்நாட்டாருக்கு மட்டும் இருப்பின், ஆலைகள் வேறு நாடுகளுக்குப் பெயர்ந்துவிடக்கூடும். அப்போது வாயு வெளிப்படும் இடம் மாறுமேயன்றி, அதன் அளவு குறையாது. ஆகவே இரும்பும் எஃகும், அலுமினியம், சிமெண்டு, உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை வெளியிலிருந்து வந்தாலும் அதே விலையைப் பெறுவதற்கு 2023இல் சட்டம் இயற்றினர். 2025 இறுதி வரை கணக்கு மட்டுமே கேட்கப்பட்டது. 2026 சனவரி முதல் தேதியிலிருந்து இறக்கப்படும் பண்டங்களுக்குப் பணமும் கட்டவேண்டும்.

பணம் கட்டுபவர் ஐரோப்பாவில் பண்டத்தை இறக்கும் வணிகர். ஆயினும் அவருக்கு வேண்டிய கணக்கு, பண்டம் செய்த ஆலையில் அன்றோ இருக்கிறது! அக்கணக்கை எழுதத் துணைபுரிவதே இன்று ஒரு தொழிலாகிவிட்டது.

பஞ்சாபிலுள்ள லூதியானா நகரில் திருகாணி செய்யும் பட்டறைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை மனத்தில் கொள்வோம். துணைபுரிய வந்தவர் முதலில் அங்குள்ள உலையைப் பார்க்கிறார். வாயுவைப் பிடித்து நிறுக்க வேண்டுவதில்லை. எரிபொருளை நிறுத்தாலே போதும். 12 கிலோ கரி முழுதும் எரியும்போது 32 கிலோ ஆக்சிஜனுடன் கூடி 44 கிலோ கரியமில வாயு ஆகிறது. எனவே ஓராண்டில் எரிந்த எண்ணெயில் 3 டன் கரி இருந்திருந்தால், வாயு 11 டன். எஃகுப் பொருளாதலால், பட்டறை வாங்கும் மின்சாரத்தை உண்டாக்கியபோது எழுந்த வாயு இக்கணக்கில் சேராது. சிமெண்டுக்கும் உரத்துக்கும் சேரும். இவ்வேறுபாட்டை அறியாமல் தவறுவோர் பலர்.

கணக்கு இத்துடன் முடிந்தது என்று பட்டறைக்காரர் எண்ணுவார். உண்மையில் அது இனிமேல்தான் தொடங்குகிறது. அவர் வாங்கிய எஃகுக் கம்பியை வேறோர் ஆலை செய்தது. ஊதுலையில் தாதுவைக் கற்கரியுடன் உருக்கிச் செய்த எஃகாயின், டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 டன் வாயு வெளிப்பட்டிருக்கும். பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதாயின், மிகக் குறைவு. 100 டன் திருகாணிக்கு 105 டன் ஊதுலைக் கம்பி செலவாயிற்று எனின், அதற்கு 210 டன். உலையின் 11 டன்னையும் கூட்ட 221 டன். வெட்டுத் துண்டாய்க் கழிந்த 5 டன் கம்பிக்கும் கணக்கு உண்டு என்பதைக் காண்க. பட்டறை தானே வெளிவிட்டது இதில் இருபதில் ஒரு பங்கு. மற்றவையெல்லாம் கம்பியோடு வந்தவை.

எனவே கம்பி விற்ற ஆலையிடம் எண்ணைக் கேட்டுப் பெறவேண்டும். பெரிய ஆலை சிறு பட்டறையின் கடிதத்திற்கு விரைந்து விடை தருமா? தாராவிடின், ஒன்றியம் தானே குறித்து வைத்துள்ள எண் கொள்ளப்படும். அவ்வெண் அந்நாட்டுச் சராசரிக்கு மேல் சிறிது கூட்டி வைக்கப்பட்டது. சிக்கனமாக உலையெரித்தவருக்கும் அதே எண்தான். வரி மிகுதியானால் வணிகர் வேறு பட்டறையை நாடுவார். அஞ்சவேண்டியது இதற்கே.

ஓராண்டில் இத்தகைய பண்டங்களை 50 டன்னுக்கு மேல் இறக்காத வணிகருக்கு 2025இல் விலக்கு அளித்தனர். சிறியோருக்கு இது நல்லது போலத் தோன்றும். ஆயினும் விலக்கு வாங்குபவரின் அளவைப் பார்க்கிறதேயன்றி, விற்பவரின் அளவைப் பார்ப்பதில்லை. பெருவணிகருக்கு விற்கும் சிறு பட்டறைக்கு இதனால் பயன் இல்லை. இவ்வரியை இந்தியா எதிர்த்துப் பேசியிருப்பதில் வியப்பில்லை.

குறைந்த எண்ணை எழுதிவிடலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அளந்து எழுதிய எண்களைத் தகுதி பெற்ற சரிபார்ப்பாளர் ஆய்ந்து ஒப்பவேண்டும் என்பது சட்டம். அவர் எண்ணெய் வாங்கிய சீட்டையும் கம்பி வந்த சீட்டையும் கேட்பார். ஆதலின் துணைபுரிய வந்தவர் பட்டறைக்காரரிடம் முதலில் சொல்வது எளிய வேலையே: ஊதுலைக் கம்பியையும் மின் உலைக் கம்பியையும் ஒரே குவியலாகப் போடாமல், வெவ்வேறு மூலையில் அடுக்கி, ஒவ்வொரு சுருளிலும் ஆலையின் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கச் சொல்கிறார்.