ஆபரேஷனுக்கு முந்தைய மாதம்

அன்புள்ள கதிர்,

அம்மாச்சியின் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க உன் கல்லூரி நண்பர்களைத் திரட்டிவிட்டதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். கொடுக்கட்டும், யாருக்காவது உதவும். ஆனால் அம்மாச்சிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமா என்பது பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில் முடிவாவதில்லை. இப்போது அவர் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அளவுதான் அதை முடிவு செய்கிறது.

முழங்கால் மூட்டை மாற்றும்போது மொத்த ரத்த இழப்பு ஒரு லிட்டரைத் தொடுவது அபூர்வமல்ல. தொடையில் காற்றுப்பட்டை இறுக்கியிருப்பதால் தியேட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. உறிஞ்சு பாட்டிலில் கொஞ்சம்தான் சேரும். கட்டைப் பிரிக்கும்போது பார், தொடை வீங்கிக் கருநீலமாகக் கன்றியிருக்கும். தசைக்குள் கசிந்த ரத்தம் அது. ஆபரேஷனுக்கு முன் 11 இருந்த ஹீமோகுளோபின் மூன்றாம் நாள் 9க்கு இறங்குவது இதனால்தான்.

எலும்பு ஆபரேஷன் நோயாளிக்கு ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்ற யோசிப்போம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் அதற்கு முன்பேயும். 14இல் தொடங்கியவர் 3 இழந்தாலும் தப்பிவிடுவார். 10இல் தொடங்கியவர் மாட்டிக்கொள்வார். உடல் எடையும் சேர்ந்துகொள்ளும். அம்மாச்சியின் 50 கிலோவுக்கு உடம்பில் மொத்தம் சுமார் மூன்றேகால் லிட்டர்தான் ரத்தம். ஒரு லிட்டர் போனால் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. உன் தாத்தாவின் 80 கிலோவுக்கு அதே இழப்பு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு காலையும் ஒரே நாளில் மாற்றுவது, பழைய செயற்கை மூட்டை எடுத்து மறுபடி வைப்பது, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகள் எல்லாம் ஆபத்தைக் கூட்டும். அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு அதை நிறுத்துவதே இதயத்துக்கு ஆபத்து.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மூட்டு வலிக்கென்று வருஷக்கணக்கில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரை, வயிற்றில் புண்ணாக்கிச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தைக் கசியவிடும். மலம் தார் போலக் கறுத்திருந்தால் சந்தேகப்படு. எந்த மூட்டுக்காக ஆபரேஷனோ, அந்த மூட்டு வலியே ரத்தத்தையும் குறைத்து வைத்திருக்கும். இந்த வயதில் சோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால் போதாது. கசிவு எங்கே என்றும் தேட வேண்டும்.

டிரானெக்சாமிக் அமிலம் என்ற ஊசி இப்போது எங்களுக்குப் பெரிய துணை. 1962இல் ஜப்பானிய தம்பதி ஷோசுகே, உத்தாகோ ஒகமோட்டோ அறிவித்த மருந்து. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் தடுக்கும். விலையும் குறைவு. அது வந்தபின் மூட்டு ஆபரேஷனில் ரத்தப் பையின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஒரு பை ரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறுவது சுமார் 1 கிராம்தான். பலவீனமான இதயத்துக்கு அந்தத் திரவமே சுமையாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால், தேவையில்லாமல் ஏற்றமாட்டோம்.

இந்த வாரமே ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் எடுக்கச் சொல். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் தேதியைத் தள்ளச் சொல்லி டாக்டரிடம் நானே பேசுகிறேன். இரும்புச்சத்து மாத்திரையால் ஏற வாரக்கணக்கில் ஆகும். அவகாசம் இல்லையென்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம். மாத்திரை போட்ட கையோடு அம்மாச்சி காபி டம்ளரைத் தூக்கினால் பிடுங்கி வை, காபி இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. அவருடைய மாத்திரைப் பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா