நீர்க்கடுப்பும் தாது உப்புகளும்

நீர்க்கடுப்பு என்றால் மோர், இளநீர், பார்லிக் கஞ்சி என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வைத்தியம். நீர் நிறையச் சேர்ந்தால் சிறுநீர் நீர்த்து எரிச்சல் தணியும். பொட்டாசியம் சிட்ரேட் சிரப் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துச் சற்று ஆறுதல் தரலாம். ஆனால் கிருமியைக் கொல்வது மருத்துவர் எழுதித்தரும் ஆன்டிபயாடிக் மாத்திரையே.

இங்கேதான் தாது உப்புகள் குறுக்கிடுகின்றன. நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைகளைப் பால், மோருடன் விழுங்கினால், அவற்றிலுள்ள கால்சியம் மருந்தைப் பற்றிக்கொள்ளும். இரத்தத்தில் சேரும் மருந்து குறைந்துவிடும். இரும்பு, கால்சியம், துத்தநாகச் சத்து மாத்திரைகளும், மக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தும் இதையே செய்யும். ஆகவே தண்ணீரில் விழுங்குங்கள்; மற்றவை 2 மணி நேரம் கழித்து. அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் 6 மணி நேரம் இடைவெளி நல்லது.

நைட்ரோஃபுரான்டாயினுக்கு விதி வேறு. அதை உணவோடு சாப்பிட வேண்டும். சிட்ரேட் சிரப் அதன் வலிமையைக் குறைக்கும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுவோருக்கும் பொட்டாசியம் ஆபத்து. சிரப்போ இளநீரோ, மருத்துவரைக் கேட்டே அருந்துக.

எரிச்சல் நின்றதும் மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். குளிர்காய்ச்சலும் விலாவலியும் வந்தால், கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.