குட்டி வீசிய ஆட்டை விற்கலாமா?

சினையாடு குட்டி வீசினால் உடனே சந்தைக்கு ஓட்டிவிடும் வழக்கத்தைச் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிடைகளில் நாம் கண்டிருக்கிறோம். டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியும் இதற்கொரு காரணமாகலாம். பூனையின் மலத்தால் தீவனத்தில் கலப்பது அது. செம்மறிகளில் சினை கலைப்பதை 1957இல் நியூசிலாந்தில் கண்டறிந்தனர்.

ஆராய்வதற்குச் சுண்டெலி எளிதே. ஆயினும் அதன் சினைக்காலம் சுமார் 20 நாட்கள், ஆட்டுக்கோ 150. நஞ்சுக்கொடியின் அமைப்பும் வேறு. ஆதலின் சினையாடுகளிலேயே சோதித்தனர். தொடக்கத்தில் தொற்றினால் கரு மடிகிறது. நடுவில் தொற்றினால் குட்டி செத்தோ நலிந்தோ பிறக்கிறது. இறுதியிலாயின் பெரும்பாலும் பிழைக்கிறது. ஒருமுறை தொற்றிய ஆடு பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகிறது. அதனையன்றோ விற்கிறோம்!

புருசெல்லா நோயாலும் சினை கலையுமாதலால், ஆட்டைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரைக் கொண்டு இரத்தத்தைச் சோதித்த பின்னரே முடிவு செய்க. வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் கர்ப்பிணிகள் தொடலாகாது. தீவனக் கொட்டகையில் பூனைக்குட்டிகளை அண்டவிடாதீர்கள். ஒட்டுண்ணியை மிகுதியாகக் கழிப்பவை அவையே.