வலிக்கு எத்தனை பெயர்

நுழையும்முன்
மருத்துவராக விரும்பும் மாணவர் பலர். அவர்களுக்கு அறிவியல் பாடங்கள் மட்டும் போதுமா? மொழியறிவும் வேண்டுமா? இப்பாடத்தைப் படித்து விடை காண்க.

புதுதில்லி இராமகிருஷ்ணபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அக்குடும்பத்தின் மூத்த மகள் பதினோராம் வகுப்பு மாணவி. மருத்துவர் ஆவதே அவளது விருப்பம். அவ்வழி நெடியது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நீட் தேர்வு எழுத வேண்டும். இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180, உயிரியலுக்கு 360 என மொத்தம் 720 மதிப்பெண்கள் கொண்டது அத்தேர்வு. கல்லூரியில் சேர்ந்தபின் நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை அவளுக்கு ஊக்கம் அளித்தது. 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த அவர், பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமானார்.

மாணவி நாள் முழுதும் பாடநூலோடு இருப்பதில்லை. காலையில் மாடி முகப்பில் வளரும் ஓமவல்லிக்கும் துளசிக்கும் நீர் ஊற்றுவாள். மாலையில் தம்பியுடன் இறகுப்பந்து ஆடுவாள். மார்கழிக் குளிரிலும் வாயிற்படியில் சிறு புள்ளிக்கோலம் இடுவாள். பள்ளியில் விருப்பப் பாடமாகத் தமிழும் பயில்கிறாள். “தமிழுக்குத் தரும் நேரத்தை உயிரியலுக்குத் தந்தால் மதிப்பெண் கூடுமே” என்றனர் உறவினர் சிலர். அவளுக்கும் அது சரியெனவே பட்டது. தமிழ் வகுப்பை விட்டுவிட எண்ணினாள்.

அந்நாளில் திருநெல்வேலியிலிருந்து ஆச்சி வந்திருந்தார். அவருக்குக் காலில் ஏதோ தொல்லை. மாணவி அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். ஆச்சிக்கு இந்தி தெரியாது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆச்சி நெடுநேரம் சொன்னவற்றை எல்லாம் அவள் ‘தர்த்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டாள். மருத்துவர் வலி நீக்கும் மாத்திரையை எழுதத் தொடங்கினார். ஆச்சி பேத்தியின் கையைப் பற்றினார்.

“வலி என்று நான் சொல்லவே இல்லையே, அம்மாடி! கால் மதமதவென்று இருக்கிறது. நடக்கும்போது செருப்புக் கழன்றாலும் தெரிவதில்லை. இரவில் பாதம் எரிகிறது.”

மாணவி நாணினாள். இம்முறை ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துரைத்தாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். ஆச்சியைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். தொடுவதை உணர்ந்தால் சொல்லுமாறு கேட்டார். பல இடங்களில் ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது. நீரிழிவு நெடுநாள் கட்டுப்படாவிட்டால் நரம்புகள் பழுதுபடும், பாதம் உணர்விழக்கும், பட்ட காயம் தெரியாமலே புண்ணாகிப் பெருகும். நல்வாய்ப்பாக, ஆச்சியின் காலில் புண் ஏதும் தோன்றியிருக்கவில்லை.

அன்று முதல் மாணவி ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். ஊசி தைப்பது போன்றது குத்தல். எலும்பைத் துளைப்பது போன்றது குடைச்சல். தீப்பட்டது போன்றது எரிச்சல். விட்டுவிட்டு விண்விண்ணென வருவது தெறிப்பு. உணர்வு குன்றுவது மதமதப்பு. எரிச்சலுக்கு நேரே ‘ஜலன்’ எனவும் மரத்துப்போதலுக்கு நேரே ‘சுன்’ எனவும் இந்திச் சொற்களையும் எழுதுகிறாள். ஐயம் எழுந்தால், ஊர் திரும்பிவிட்ட ஆச்சியைத் தொலைபேசியில் அழைக்கிறாள்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். அவற்றுள் முதலில் நிற்பவர் நோயாளியே. அவர் சொல்வதைச் செவ்வனே கேட்பதும் மருத்துவத்தின் பகுதியாகும்.

மாணவி தமிழ் வகுப்பை விடவில்லை. உயிரியலுக்காக அரைமணி நேரம் முன்னதாக எழுகிறாள்.

அருஞ்சொற்பொருள்
ஆச்சி – பாட்டி
நாணினாள் – வெட்கப்பட்டாள்
செவ்வனே – நன்றாக
மதமதப்பு – உணர்வு குறைந்த நிலை

பயிற்சி
1. மாணவியின் அன்றாட ஆர்வங்கள் யாவை?
2. மருத்துவர் எழுதுவதை ஏன் நிறுத்தினார்?
3. தமிழ் வகுப்பை விட எண்ணிய மாணவி மனம் மாறியது ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.
4. உடல்துன்பங்களைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து, நீங்கள் வாழும் மாநில மொழியில் அவற்றுக்குரிய சொற்களையும் எழுதுக.