யார் போட்ட கையெழுத்து?

ஐசி இல்லாமல் வாசலைத் தாண்டாதே என்று தோட்டத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை விரட்டுவது வெறும் பழக்கம் அல்ல. அதற்கு ஒரு தேதி உண்டு. 1948 ஜூன் 16ஆம் நாள், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில், ஃபின் சூன் என்ற இரு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லோரும் படமும் கைரேகையும் கொடுத்து அடையாளக் கார்டு, அதுதான் ஐசி, எடுக்க வேண்டும் என்ற விதி அதே ஆண்டு வந்தது. காட்டிலிருந்து இறங்கிய கம்யூனிஸ்ட் போராளிகள் அந்தக் கார்டைப் பிடுங்கிக் கிழித்தார்கள். கார்டு இல்லாதவனைப் பட்டாளம் பிடித்தது. பால் வெட்டப் போனவர் இரு பக்கமும் பயந்தார். லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்தது. வேலைக்குப் போகிறவர் காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறாரா என்று வாசலில் தடவிப் பார்த்தார்கள்.

ஆக, கண்காணிப்பு பேராக் தமிழனுக்குப் புதிது அல்ல. அதைப் பற்றிக் காப்பிக்கடையில் காதில் விழும் பேச்சுதான் பெரும்பாலும் தப்பு.

"இசா ஒழிந்தது. இனி விசாரணை இல்லாமல் யாரையும் அடைக்க முடியாது."

பாதி உண்மை. அவசரகாலம் முடிந்த கையோடு 1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசா, கம்யூனிஸ்டுகளுக்கு மட்டும்தான் என்று அன்று சொன்னார்கள். 1987இல் ஓப்பராசி லாலாங் என்ற போலீஸ் நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டார்கள், எதிர்க்கட்சி எம்பிக்கள் உட்பட. 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவர் தைப்பிங்கை அடுத்த கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். அவர்களில் மனோகரன் உள்ளே இருந்தபடியே 2008இல் சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு வென்றார். வாக்காளர் வாயால் சொல்லாததைச் சீட்டில் சொன்ன தேர்தல் அது.

2012இல் இசா போனது. அந்த இடத்துக்கு சொஸ்மா, அதாவது பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம், வந்தது. இதில் வழக்கு உண்டு, நீதிமன்றம் உண்டு, முன்னேற்றம்தான். ஆனால் சாதாரணக் கைதியை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சொஸ்மாவிலோ சுப்பரிண்டெண்டெண்ட் பதவிக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரி முடிவெடுத்தால் 28 நாள் வரை மாஜிஸ்திரேட் முகத்தையே பார்க்காமல் வைத்திருக்கலாம். வக்கீலைப் பார்ப்பதையும் 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். 2015இல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், பொட்டா, இன்னும் ஒரு படி மேல். ஒரு வாரியம் உத்தரவிட்டால் இரண்டு ஆண்டு காவல், அதைப் புதுப்பிக்கவும் வழி உண்டு. குற்றச்சாட்டு தேவையில்லை.

"சொஸ்மா பயங்கரவாதிகளுக்குத்தானே?"

குடியேறிகளைக் கள்ளத்தனமாக எல்லை கடத்துவதும் அதில் வரும், திட்டமிட்ட குற்றக் கும்பல் வழக்குகளும் வரும். சிறை வாசலில் தாய்மாரும் மனைவிமாரும் உண்ணாவிரதம் இருந்த செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று பன்னிரண்டு பேர் பிடிபட்டதையும் நினைத்துப் பாருங்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். சிலர்மேல் வந்த குற்றச்சாட்டின் மையம் கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த படங்கள். 2020 பிப்ரவரி 21 அன்று அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் எல்லா வழக்குகளையும் கைவிட்டார். ஒருவரைத் தலைவராக மதித்துப் படம் வைத்திருப்பதால் மட்டும் ஆள் பயங்கரவாதி ஆகிவிடமாட்டார் என்பது அவர் விளக்கத்தின் சாரம். சரிதான். கைதுக்கும் அந்த அறிக்கைக்கும் நடுவே நான்கு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஜாமீனை மறுக்கும் சொஸ்மாவின் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று இதே விவகாரத்தில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் 2019 நவம்பரில் சொன்னார். வேறு நீதிபதிகள் அந்த வழியில் போகவில்லை.

"போனை ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டும்."

வேண்டாம். சொஸ்மாவின் 6ஆம் பிரிவில் அந்த அனுமதியைத் தருபவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர், அதாவது நாளைக்கு உங்கள்மேல் வழக்குப் போடக்கூடியவரே. மிக அவசரம் என்றால் சுப்பரிண்டெண்டெண்டே தொடங்கிவிட்டுப் பிறகு அவருக்குத் தெரிவிக்கலாம். இந்த நெடுங்கதையில் எனக்கு உறுத்துவது இந்த ஓர் இடம்தான். ஒட்டுக்கேட்பதே கூடாது என்று நான் வாதாடவில்லை. அனுமதி கேட்பவரின் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்க ஒரு மூன்றாம் ஆள் இல்லை என்பதே என் குறை.

தனிநபர் தரவுச் சட்டம் காப்பாற்றும் என்பாரும் உண்டு. அந்த 2010 சட்டம் கடைக்காரரைக் கட்டுப்படுத்தும், வங்கியைக் கட்டுப்படுத்தும். மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

"மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?"

கனம் எது என்று முடிவு செய்பவர் சோதிப்பவர். 2011 ஜூனில் பினாங்கின் கெப்பாலா பத்தாஸில் மலேசிய சோசலிஸ்ட் கட்சியான பிஎஸ்எம்மைச் சேர்ந்த முப்பது பேரைப் பிடித்தார்கள். பஸ்ஸில் கிடைத்த 'கனம்' சில டீ-சட்டைகள், சித்தியவானில் பிறந்த, மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராக இருந்த சின் பெங்கின் படம் போட்டவை. கம்யூனிசத்தை உயிர்ப்பிக்கிறார்கள், பேரரசருக்கு எதிராகப் போர் தொடுக்கிறார்கள் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. அவர்களில் ஆறு பேரை 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தில் அடைத்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் அன்றைய சுங்கை சிப்புட் எம்பி, டாக்டர் ஜெயக்குமார். அவசரகாலம் தொடங்கிய ஊரின் பிரதிநிதி, 63 ஆண்டு கழித்து, ஒரு சட்டைக்காக. ஜூலை 29 அன்று விட்டுவிட்டார்கள்.

"பயங்கரவாதமே கட்டுக்கதை, எல்லாம் நம்மை அடக்கத்தான்."

இதுவும் தப்பு. 2016 ஜூன் 28 அன்று பூச்சோங்கில் மொவிடா கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஐஎஸ் தொடர்புடைய தாக்குதல் அது. அதுபோன்ற ஒன்றைத் திட்டமிடுபவனின் போனைப் போலீஸ் கேட்கத்தான் வேண்டும்.

சொஸ்மாவின் அந்த 28 நாள் அதிகாரத்துக்குக் காலாவதித் தேதி இருப்பது பலருக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் புதுப்பிக்காவிட்டால் அது செத்துப்போகும். 2022 மார்ச் 23 அன்று மக்களவையில் தீர்மானம் 84க்கு 86 என்று தோற்றது. இரண்டே ஓட்டு. ஐம்பது பேர் அன்று அவையில் இல்லை. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள், இன்னும் ஐந்து ஆண்டுக்கு. அந்த இரண்டு நாளும் உங்கள் எம்பி எங்கே இருந்தார் என்பது நாடாளுமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. அடுத்த முறை கோயில் திருவிழாவில் மாலையோடு அவர் வரும்போது கேட்டுப் பாருங்கள்.