அருவியின் மேல் ஒரு வீடு

உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடைப் பாருங்கள். அதன் ஒரு விளிம்பு சுவரில் புதைந்திருக்கிறது. மறு விளிம்பைத் தாங்க எதுவும் இல்லை. ஆனாலும் அது விழுவதில்லை. இத்தகைய அமைப்பைப் பொறியாளர்கள் ‘கான்டிலீவர்’ என்பர். சன்ஷேடு ஒன்றிரண்டு அடிதான் நீளும். ஒரு வீட்டின் கூடத்தையே இப்படி ஏறத்தாழ 15 அடி, அதுவும் ஓர் அருவியின் மேல் நீட்டினால்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் காட்டில் ‘பேர் ரன்’ என்ற ஓடை ஓடுகிறது. பிட்ஸ்பர்க் நகரின் பெரிய வணிகரான எட்கர் காஃப்மன், விடுமுறையைக் கழிக்க அங்கே ஒரு வீடு கட்டித் தருமாறு கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் கேட்டார். அருவிக்கு எதிரே, அதைப் பார்த்தபடி வீடு அமையும் என்று அவர் நினைத்திருந்தார். 1935-இல் ரைட் வரைந்து காட்டிய படத்திலோ வீடு அருவியின் தலைமேலேயே இருந்தது! ‘ஃபாலிங்வாட்டர்’ என்று பெயர் பெற்ற வீடு இதுதான்.

அப்போது ரைட்டுக்கு வயது 68. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணியிருந்தனர். ஐரோப்பாவில் புதிய கட்டடக் கலை வளர்ந்துகொண்டிருந்தது. பாரிசுக்கு அருகே லெ கொர்பூசியே 1931-இல் முடித்த ‘வில்லா சவாய்’ மெல்லிய தூண்கள்மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டி. அழகானதுதான், ஆனால் அதை வேறொரு புல்வெளிக்குப் பெயர்த்துச் சென்றாலும் பொருந்திவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ரைட்டும் அதே கான்கிரீட்டைக் கையாண்டார். ஆனால் சுவர்களுக்கு அருகிலேயே வெட்டிய கல்லை எடுத்தார். அங்கே கிடந்த பாறையை உடைக்காமல், கூடத்தின் தரையைத் துளைத்து எழும்படி விட்டு, அதையே கணப்படுப்பின் அடித்தளமாக்கினார். இந்த வீட்டை எங்கே பெயர்த்துச் செல்வது?

இனி ஒரு சோதனை. நீளமான ரப்பர் ஒன்றின் பக்கவாட்டில், மேலிருந்து கீழாகப் பேனாவால் கோடுகள் போடுங்கள். பாதி ரப்பர் மேசைக்கு வெளியே இருக்கும்படி வைத்து, உள்பாதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளிமுனையைக் கீழே அமுக்குங்கள். கோடுகள் மேற்புறம் விலகுகின்றன, கீழ்ப்புறம் நெருங்குகின்றன. அதாவது மேலே இழுவிசை, கீழே அமுக்கவிசை. கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். எனவே கான்டிலீவரில் எஃகுக் கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும். (சன்ஷேடு வார்க்கும்போது கம்பி மிதிபட்டுக் கீழே இறங்கிவிட்டால் ஆபத்து என்று மேஸ்திரி சத்தம் போடுவது இதனால்தான்.)

ரைட்டுக்கு இது தெரியாததல்ல. விட்டங்களைத் தளத்துக்கு மேலே எழுப்பி, கான்கிரீட் பலகையை அமுக்கம் விழும் கீழ்ப்பக்கத்தில் வைத்தார். ஆனால் கம்பி போதாது என்று காஃப்மன் அமர்த்திய பொறியாளர்கள் கணக்கிட்டனர். 1936-இல் கான்கிரீட் வார்த்தபோது, ரைட்டுக்குச் சொல்லாமலே கம்பியை இருமடங்காக்கினர். பிறகு அதை அறிந்த ரைட் கடுங்கோபம் கொண்டார். ஆயினும் முட்டுகளை எடுத்தவுடனேயே தளம் ஒன்றேமுக்கால் அங்குலம் தாழ்ந்தது!

அதோடு நிற்கவில்லை. புத்தகங்கள் அடுக்கிய அலமாரிப் பலகை பல ஆண்டுகளில் மெல்ல வளைவதைப் பார்த்திருப்பீர்கள். ஓயாத சுமையின் கீழ் கான்கிரீட்டும் அப்படியே மெல்லச் சுருங்கி வளைகிறது. 1990-களில் அளந்தபோது தொய்வு ஏழு அங்குலம் ஆகியிருந்தது. காரணம் என்ன? மேல்மாடித் திறந்த தளம் தன்னைத்தானே தாங்கவில்லை. ஜன்னல்களின் எஃகுச் சட்டங்கள் வழியே அதன் சுமையும் கீழ்த்தளத்தின்மேல் இறங்கியிருந்தது. ரைட் குறித்த அளவுக் கம்பி மட்டும் இருந்திருந்தால் வீடு நின்றிருக்காது; இருமடங்கும் போதவில்லை என்பதே பிற்காலப் பொறியாளர்களின் கணக்கு.

1997-இல் ஓடையில் எஃகு முட்டுகள் கொடுக்கப்பட்டன. 2002-இல் கூடத்தின் தரைக்கற்களைப் பெயர்த்தெடுத்து, விட்டங்களை ஒட்டி வலிமை மிக்க எஃகு வடங்களைப் பொருத்தி முறுக்கேற இழுத்துக் கட்டினர். பிறகு கற்களைப் பழையபடியே பதித்து, முட்டுகளை நீக்கினர். 2019-இல் ரைட்டின் வேறு ஏழு கட்டடங்களுடன் இதுவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தொய்வை முழுவதும் நிமிர்த்த யாரும் முயலவில்லை. அப்படிச் செய்தால் மற்ற பகுதிகள் விரிசல் கண்டுவிடும். பழைய சரிவுடனேயே தளம் அருவியின் மேல் நிற்கிறது.