கடிகாரம் காட்டும் ஆறு மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 15,300 கி.மீ. குளிர்காலத்தில் ஒரு விமானம் சிங்கப்பூரில் இரவு 11.30-க்குப் புறப்பட்டு, நியூயார்க் நேரப்படி மறுநாள் காலை 5.30-க்கு இறங்குவதாகக் கொள்வோம். பயண நேரம் எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் ஆறு மணி நேரம் என்பார்கள். உடனே திருத்த வேண்டாம். வேகத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். மணிக்கு 2,550 கி.மீ. வரும்! பயணிகள் விமானம் சுமார் 900 கி.மீ. வேகத்தில்தான் பறக்கும் என்றால், அவர்களே சந்தேகப்படுவார்கள். நேர மண்டலத்தை அறிமுகப்படுத்த அதுவே தருணம். நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது (கோடையில் 12). ஆகவே 6 + 13 = 19 மணி நேரம்; வேகம் சுமார் 805 கி.மீ.

தூரத்தை அறியச் சுவர் வரைபடம் உதவாது. உலக உருண்டையில் இரு நகரங்களுக்கிடையே நூலை இழுத்துப் பிடித்தால், அது வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். ஆனாலும் பின்னிருந்து தள்ளும் காற்றுக்காக விமானங்கள் பசிபிக் வழியே சுற்றிச் செல்வதும் உண்டு.